கை யாரோடது சார்?

கேள்வி: நான் ஓவிய ஆசிரியர், அடுத்த வருஷம் ரிட்டயர்மென்ட். ஏற்காட்டுல நாகலூர் பக்கம் 20 சென்ட் வாங்கி வச்சிருக்கேன். வெளிநாட்டு ஆர்ட்டிஸ்ட்டுங்க மாதிரி நானே டிசைன் பண்ணி என் கையாலயே மண்ணுல வீடு கட்டப்போறேன். வீட்ல பைத்தியம்ங்கிறாங்க. நீங்க என்ன சொல்றீங்க? மண்வீடு கட்டத் தெரிஞ்ச நல்ல டீம் இருந்தா நம்பரும் குடுங்க. (11 ஸ்கெட்ச் இணைச்சிருக்கேன்.)
– வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: மேல "என் கையாலயே"ன்னு எழுதிட்டு கடைசி வரியில டீம் நம்பர் கேக்கறீங்களே, அப்ப கை யாரோடது சார்? சித்தாள் மண்ணு மிதிச்சு, கொத்தனார் சுவர் ஏத்தி, நீங்க குடை பிடிச்சு நின்னு "இன்னும் கொஞ்சம் வளைவா"ன்னு சொன்னா அதுக்குப் பேரு மேஸ்திரி வேலை. தப்பில்ல, ஆனா கைவீடுன்னு சொல்லிக்காதீங்க.

வெளிநாடுன்னீங்க. ஜார்ஜ் நாகஷிமான்னு ஒருத்தர், அமெரிக்காவுல மர வேலையில பெரிய பேரு, அவரு வேலை பழகுனதுல ஒரு பகுதி நம்ம பாண்டிச்சேரிலதான், அரவிந்தர் ஆசிரமத்தோட கோல்கொண்டேங்கிற விடுதிக் கட்டடத்துல 1930கள் கடைசியில நின்னு வேலை பாத்தவரு. போர் நேரத்துல ஜப்பான் வம்சம்னு முகாம்ல அடைச்சு வச்சாங்க, வெளிய வந்து பென்சில்வேனியாவுல கூலிக்குப் பதிலா நிலம் வாங்கி, அந்த நிலத்துக் கல்லையே பொறுக்கி வீடு கட்டுனாரு. அவரு டீம் நம்பர் தேடல. அவ்ளோ தூரம் ஏன், 1966ல ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில சோழமண்டல் ஓவியர் கிராமத்தை ஆரம்பிச்சவங்க பாத்திக் துணி செஞ்சு வித்த காசுலதான் சென்னை பக்கம் இஞ்சம்பாக்கத்துல மணல்காட்டை வாங்குனாங்க.

எங்க தாத்தா வீடும் ஓமலூர் பக்கம் மண்வீடுதான். பொங்கலுக்கு முன்னாடி பாட்டி குத்துக்கால் வச்சு உக்காந்து சாணி மெழுகும், கை போன பக்கமெல்லாம் அரை வட்டம் அரை வட்டமா அஞ்சு விரல் தடம் விழும், காஞ்சப்புறம் வெயில்ல பாத்தா மீன் செதில் மாதிரி இருக்கும். அதை யாரும் ஆர்ட்னு சொல்லல, ஒரு வருஷம் பாட்டிக்கு உடம்பு முடியாம மெழுகாம விட்டதுல கரையான் வாசக்கால்ல ஏறிடுச்சு, அப்பதான் எல்லாருக்கும் அந்தக் கையோட அருமை தெரிஞ்சுச்சு.

உங்க ஸ்கெட்ச் அழகு, பொய் சொல்லல, அந்த ஆமை ஓடு மாதிரி கூரை எனக்கே ஆசையா இருக்கு. ஆனா கூரை சுவரோட முடிஞ்சுபோகுது, மலையில சாரல் பக்கவாட்டுல அடிக்கும், தாவாரம் ரெண்டு மூணு அடி வெளிய நீளலைன்னா மண்சுவர் நனைஞ்சு ஊறிடும். அடியில கல் கட்டடம் ரெண்டடியாச்சும் வேணும். சுவரை ஒரு முழம் ஏத்துனா காய விட்டுத்தான் அடுத்த முழம், அவசரப்பட்டா வயிறு தள்ளிடும். ஏற்காடு மலைப்பகுதி பாதுகாப்பு எல்லைக்குள்ள வர்ற ஊரு, மண்ணோ கான்கிரீட்டோ அனுமதி வாங்காம அஸ்திவாரம் தோண்டாதீங்க. அப்புறம் 11 ஸ்கெட்ச்லயும் தேடிட்டேன், கக்கூஸ் எங்க சார்? வீட்ல பைத்தியம்னு சொன்னது மண்ணைப் பாத்தா இல்ல இதைப் பாத்தான்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

முதல்ல ஆறடிக்கு நாலடி ஒரு விறகு ரூம், நீங்களே மண்ணு மிதிச்சு நீங்களே ஏத்துங்க. கோடையில ஆரம்பிச்சு மழைக்கு முன்னாடி கூரை போட்ருங்க. ஐப்பசி மழை தாண்டி சுவர் நின்னா போட்டோ அனுப்புங்க, நம்பர் அப்ப தர்றேன்.