செய்நிரலாக்கத்தை இணையத்தில் இலவசமாகக் கற்க எங்கே தொடங்கலாம்?

கேள்வி: உயர்தரம் கலைப்பிரிவில் எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறேன். பழைய மடிக்கணினி ஒன்றும் கைபேசி டேட்டாவும் மட்டுமே உண்டு, ஆங்கிலமும் குறைவு. செய்நிரலாக்கத்தின் (கணினிக்குக் கட்டளைகள் எழுதுவதன்) அடிப்படையைப் பணம் செலவழிக்காமல் இணையத்தில் கற்க எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்:

முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானில் இருந்துகொண்டு, ஏறக்குறைய உங்கள் நிலையிலேயே நானும் இதைக் கற்றேன் என்பதால் பதில் எழுதத் துணிகிறேன். இலவசப் பாடங்களுக்கு இணையத்தில் பஞ்சமே இல்லை. எனக்குத் தட்டுப்பாடாக இருந்தவை டேட்டாவும், மின்சாரமும், தமிழில் நிதானமாகச் சொல்லும் விளக்கமுமே ஆகும். ஆகவே ஒரு தளத்தைப் பற்றி யாராவது சொன்னால், அதை ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டு இணைப்பில்லாத நேரத்திலும் படிக்க முடியுமா என்பதையே நான் முதலில் பார்ப்பேன். 2022 பங்குனி இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது எனக்குக் கைகொடுத்தவை கைபேசியில் சேமித்து வைத்திருந்த கோப்புகள் மட்டும்தான்.

பலரும் நேராக யூடியூபுக்குப் போகிறார்கள். நான் என்னிடம் கேட்பவர்களை முதலில் அனுப்புவது கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்துக்கு. தரம் 11 தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடநூல் அங்கே தமிழில் பிடிஎஃப் கோப்பாக இலவசமாகக் கிடைக்கிறது. அதிலுள்ள செய்நிரலாக்க அத்தியாயம் பாஸ்கல் மொழியில் இருப்பதைக் கண்டு, பழைய மொழி என்று சிலர் உடனே மூடிவிடுகிறார்கள், அது அவசரம். பாஸ்கல் என்பது 1970 இல் நிக்லாஸ் விர்த் என்பவர் மாணவர்களுக்கு நல்ல செய்நிரலாக்கப் பழக்கத்தைக் கற்பிக்கும் நோக்கோடு வெளியிட்ட மொழி. அதில் நீங்கள் தொழில் பார்க்கப் போவதில்லை. ஆனால் ஒரு கணக்கைப் படிகளாகப் பிரிப்பது, அந்தப் படிகளைப் பாய்ச்சற் கோட்டுப்படமாக வரைவது, மாறி (ஒரு பெறுமானத்தைப் பெயரிட்டு வைக்கும் இடம்) என்றால் என்ன, நிபந்தனையைச் சோதித்து இரண்டில் ஒரு வழியைத் தெரிவது எப்படி, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்விப்பது எப்படி என்பனவற்றைத் தமிழில் படித்து விளங்கிக்கொண்ட பின்னர் எந்த ஆங்கிலப் பாடத்தைத் திறந்தாலும் பாதிச் சுமை குறைந்திருக்கும். உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடம் பைதான் மொழியைப் பயன்படுத்துகிறது. அதற்குரிய தமிழ்மொழிமூல ஆவணங்களைத் தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்திலும், கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் தேடிப் பாருங்கள். நீங்கள் கலைப்பிரிவு என்பதால் இந்தப் பாடத்தைத் தொடாமலே விட்டிருக்கலாம். அதனால் ஒன்றும் குறையப் போவதில்லை.

மொழியாகப் பைதானையே பரிந்துரைக்கிறேன். ஆங்கிலம் குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். பைதான் தனக்கென ஒதுக்கி வைத்திருக்கும் சொற்கள் மொத்தம் 35. அவற்றிலும் தொடக்கத்தில் பத்துப் பன்னிரண்டு சொற்களே தேவைப்படும். அந்தச் சொற்களை ஆங்கிலமாக நினைக்காமல், சதுரங்கக் காய்களின் பெயர்களைப் போல மனதில் வைத்துக்கொண்டால் போதும். மேலும் பைதான் 3 இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. மூடை, எடை, விலை என்று நான் பெயரிட்டு எழுதிய செய்நிரல்கள் எந்தத் தடையும் இல்லாமல் ஓடின. பிறரோடு சேர்ந்து வேலை செய்யும்போது ஆங்கிலப் பெயர்கள்தான் வழக்கம் என்றாலும், கற்கும் காலத்தில் இது பெரிய ஆறுதல்.

பழைய மடிக்கணினி என்று சொன்னீர்கள். அதில் விண்டோஸ் 7 இருந்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பைதான் 3.8 தான் விண்டோஸ் 7 இல் ஓடும் கடைசிப் பதிப்பு வரிசை; 3.9 இலிருந்து அது ஓடாது. இதை அறியாமல் புதிய பதிப்பை இறக்கி, அது நிறுவப்பட மறுத்தபோது மடிக்கணினியில்தான் பழுது என்று நினைத்து இரண்டு இரவு டேட்டாவை நான் வீணாக்கினேன். எஸ்தோனிய நாட்டின் தார்ட்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்ட தோனி என்ற, செய்நிரல் எழுதி ஓட்டிப் பார்க்கும் இலவச மென்பொருளை நிறுவினால் பைதானும் அதனுள்ளேயே வந்துவிடும்; விண்டோஸ் 7 க்கு ஏற்ற பைதான் 3.8 அடங்கிய கோப்பும் தோனியில் உண்டு. செய்நிரலை ஒவ்வொரு படியாக ஓடவிட்டு, மாறிகளின் பெறுமானம் எப்படி மாறுகிறது என்பதை அது பக்கத்தில் காட்டும். தொடக்கக்காரருக்கு இதைவிட நல்ல ஆசிரியர் எனக்குத் தெரிந்து இல்லை. கைபேசியில் பழகுவதென்றால் பைட்ராய்டு 3 என்ற செயலி இணைப்பில்லாமலும் பைதானை ஓட்டும். பைதானின் அதிகாரபூர்வ தளத்தில் முழு ஆவணத்தையும் ஒரே கோப்பாக இறக்கலாம். தொடக்கத்தில் அது விளங்காது, ஆனால் கையில் இருக்கட்டும்.

இனிப் பாடங்களுக்கு வருகிறேன். தமிழில் கேட்டுக் கற்க விரும்பினால், மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் தளத்தைத் திறந்து மொழி என்ற இடத்தில் தமிழைத் தெரிவு செய்யுங்கள். பாடம் ஒவ்வொன்றும் ஏறத்தாழப் பத்து நிமிடம் ஓடும். திரையில் ஆங்கிலம் இருக்கும், குரல் தமிழில் வரும், உரையாகவும் படிக்கலாம். காணொளியை ஒரு பக்கமும் தோனியை மறுபக்கமும் வைத்து, நிறுத்தி நிறுத்திக் கூடவே செய்து பார்க்கும் முறைக்காகவே அவை தயாரிக்கப்பட்டவை. அங்கே பேசப்படுவது தமிழ்நாட்டுக் கலைச்சொற்கள் என்பதால், நமது பாடநூல் செய்நிரல் என்பதை அவர்கள் நிரல் என்பார்கள். ஓரிரு நாளில் காது பழகிவிடும். எந்தத் தளத்திலும் பிரின்ட் என்ற சொல்லுக்குப் பின் அடைப்புக்குறி இல்லாமல் எழுதிக் காட்டினால், அது பைதான் 2 இன் பாடம் என்று அறிந்து விலகிவிடுங்கள். அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2020 தை 1 ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. வாசித்துக் கற்பவர்களுக்குக் கணியம் அறக்கட்டளையின் தளம் இருக்கிறது. மென்பொருள் சார்ந்த தமிழ்க் கட்டுரைகளும் மின்னூல்களும் அங்கே பகிர்வுரிமையோடு இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ்ச் சொற்களாலேயே செய்நிரல் எழுதும் எழில் என்ற மொழியும் உண்டு. பதிப்பி என்று எழுதினால் அது திரையில் பதிப்பிக்கும். ஒரு வார இறுதியை அதோடு கழிக்கலாம்; அதற்கு மேல் அதில் தங்க வேண்டாம் என்பது என் கருத்து.

ஆங்கிலப் பாடங்களில் மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்ல்ஸ் செவரன்ஸ் நடத்தும் எல்லோருக்குமான பைதான் வகுப்பு நிதானமானது. அதன் தளத்தில் காணொளி, குறிப்பு, பயிற்சி எல்லாம் இலவசம். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் கணினி அறிமுகப் பாடமான சிஎஸ்50 புகழ்பெற்றதுதான், டேவிட் மாலன் அருமையாகக் கற்பிக்கிறார்தான். ஆனால் விரிவுரைகள் நீளமானவை, பேச்சும் வேகமானது, வீட்டுவேலைகளும் கடினமானவை. முதல் பாடமாக அதை எடுத்து மூன்றாம் வாரத்தில் கைவிட்டவர்களில் நானும் ஒருவன். பின்னாளில் திரும்பிச் சென்றபோதுதான் அதன் அருமை புரிந்தது. ஃப்ரீகோட்கேம்ப் 2014 முதல் இயங்கும் இலாபநோக்கற்ற தளம். அதன் இணையப்பக்க வடிவமைப்புப் பாடங்கள் பெரும்பாலும் எழுத்தாகவே இருப்பதால் டேட்டா அதிகம் தின்னாது. உள்நாட்டில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் திறந்த கற்றல் தளத்தில் தொடக்கக்காரருக்கான பைதானும் இணைய வடிவமைப்பும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து முடியுங்கள். காணொளிகளை நள்ளிரவுக்குப் பின்னரான இரவு டேட்டாவில், குறைந்த தரத்தில் இறக்கி வைப்பதே நமக்குக் கட்டுப்படியாகும். வீட்டில் சிக்னல் விழாத நாட்களில் நான் முத்தையன்கட்டுக் குளக்கட்டுக்குச் சைக்கிளில் போய் இறக்கிக்கொண்டு வருவேன்.

பாடம் பார்ப்பதோடு நின்றால் ஒன்றும் ஒட்டாது என்பதை எனக்கு உணர்த்தியது நெல்லுக் கணக்குத்தான். அறுவடை முடிந்து வியாபாரி வந்து மூடைகளை நிறுக்கும்போது அப்பா ஒவ்வொரு மூடையின் எடையையும் கொப்பியில் எழுதி, சாக்கின் எடையைக் கழித்து, கூட்டி, விலையால் பெருக்குவார். அதையே என் முதல் செய்நிரலாக எழுதினேன். 68 என்றும் 70 என்றும் இரண்டு மூடைகளின் எடையைக் கொடுத்தேன். மொத்த எடை 6870 கிலோ என்றது கணினி. "இந்த விளைச்சலுக்குக் கடனெல்லாம் கட்டி முடிக்கலாம்" என்றார் அப்பா. 138 என்று கூட்டாமல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிட்டது. இன்புட் என்ற கட்டளை வழியாக வாங்கும் எதையும் பைதான் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும், அதை எண்ணாக மாற்றிய பிறகே கூட்ட வேண்டும் என்பதை எத்தனையோ காணொளிகளில் கேட்டிருந்தும் அன்றுதான் விளங்கிக்கொண்டேன். இதற்கு முன்னர் நகரத்தில் ஒரு தனியார் வகுப்பில் மூன்று மாதம் பணம் கட்டிப் படித்தபோது, கரும்பலகையில் எழுதியதைக் கொப்பியில் எழுதினோமே தவிர, கணினியைத் தொட்டது இரண்டே நாட்கள். உங்கள் வீட்டிலும் ஒரு கணக்கு இருக்கும்: கடையின் கடன் கொப்பி, உழவு இயந்திர வாடகை, சீட்டு. அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பயிற்சி தமிழர்களுக்கே உரியது. வணக்கம் என்ற சொல்லின் நீளத்தைப் பைதானிடம் கேளுங்கள். நமக்கு அதில் ஐந்து எழுத்து. பைதான் 7 என்று சொல்லும், ஏனெனில் கணினி எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோட் முறையில் புள்ளி தனிக் குறியாக எண்ணப்படுகிறது. எழுத்துகளைச் சரியாகப் பிரித்து எண்ண ஓப்பன் தமிழ் என்ற இலவச நிரற்தொகுதி (பிறர் எழுதி வைத்த ஆயத்தச் செய்நிரல்கள்) இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் நீங்களே அந்த எண்ணிக்கையைச் சரிசெய்ய முயன்றால், நிபந்தனையும் சுழற்சியும் ஒரே நாளில் கைவசமாகும்.

பிழைச்செய்தி வந்தால் கடைசி வரியை முதலில் வாசியுங்கள். பிழையின் வகை அங்கேதான் இருக்கும். அந்த வரியை அப்படியே தேடுபொறியில் இட்டால், 2008 முதல் இயங்கும் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் யாரோ ஒருவர் அதே கேள்வியைக் கேட்டிருப்பார். உங்கள் செய்நிரலை ஒருவர் பார்த்துத் திருத்த வேண்டுமானால் எக்ஸர்சிசம் தளத்தில் இலவசமாக வழிகாட்டிகள் கிடைப்பார்கள். சான்றிதழுக்காக இப்போதைக்கு ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம். ஒரே பாடம் ஒரு தளத்தில் கட்டணத்தோடும் இன்னொன்றில் இலவசமாகவும் இருப்பதுண்டு. சிஎஸ்50 இன் சான்றிதழுக்கு எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளம் பணம் கேட்கும், வேலைகளை முடித்து அனுப்பினால் சிஎஸ்50 தன் சொந்தச் சான்றிதழை இலவசமாகவே தருகிறது.