வகுப்பறையில் மோட்டார் ஓடும் ஆர்டுயினோ செயற்றிட்டங்களுக்கு என்ன பாகங்கள் வாங்கலாம்?

நீங்களும் என்னைப்போல் பாடசாலையில் படிப்பிக்கிறவர், கையில் சொற்பக் காசு, பொருட்கள் கொழும்பிலிருந்து கூரியரில் வரவேண்டும் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டான் பக்கம். இங்கே ஒரு பாகத்தைப் பிழையாக வாங்கினால் மாற்றி எடுக்க ஒரு கிழமை போய்விடும்.

எல்லோரும் முதலில் போர்டைத்தான், அதாவது புரோகிராமை ஏற்றும் ஆர்டுயினோ அட்டையைத்தான் தேடுவார்கள். மோட்டாரையும் பற்றரியையும் முதலில் முடிவு செய்யுங்கள். இதை நான் ஒரு பிள்ளையை அழவைத்துத்தான் படித்தேன்.

தரம் 10 பிள்ளைகள் நாலு சில்லு வண்டி ஒன்று செய்தார்கள். மஞ்சள் கியர் மோட்டார் நான்கு, எல்298என் டிரைவர் (போர்ட் சொல்வதைக் கேட்டு பற்றரியின் மின்னை மோட்டாருக்குக் கொடுக்கும் சின்னச் சுற்று), ஊனோ என்ற ஆர்டுயினோ போர்ட், சதுர 9 வோல்ட் பற்றரி ஒன்று. வண்டியைத் தூக்கிப் பிடித்தால் ஓடும். தரையில் வைத்தால் ஒரு துள்ளு, உடனே போர்டின் சின்ன விளக்கு அணைந்து மறுபடி எரியும். "உன்ர கோடிலதான் பிழை" என்று சொல்லி, புரோகிராம் எழுதிய பிள்ளையை இரண்டு நாள் திரும்பத் திரும்ப எழுத வைத்தேன். மூன்றாம் நாள்தான் பற்றரியில் மல்டிமீட்டரை வைத்தேன். நிற்கும்போது 9.1 வோல்ட். தரையில் விட்டதும் 5 சொச்சம். கோடில் ஒரு பிழையும் இல்லை. வகுப்புக்கு முன்னாலேயே அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அந்த மோட்டார் சும்மா சுற்ற 150, 200 மில்லியம்பியர் போதும். புறப்படும் கணத்திலோ சில்லு இறுகினாலோ ஒரு அம்பியரை நெருங்கும். நான்கு மோட்டாருக்கு அந்தச் சதுரப் பற்றரி எங்கே காணும்? கொடுக்கிறதிலும் எல்298என் இரண்டு வோல்ட்டளவைச் சூடாக்கியே தின்றுவிடும்.

இப்போது நாங்கள் இரண்டு மோட்டார்தான் போடுகிறோம், முன்னுக்கு ஒரு உருளும் சில்லு. டிரைவர் டிபி6612, ஒரு மோட்டாருக்கு 1.2 அம்பியர் தொடர்ந்து கொடுக்கும், வோல்ட் இழப்பும் குறைவு. மோட்டாருக்கு ஏஏ அளவு ரீசார்ஜ் பற்றரி நான்கு. பழைய 9 வோல்ட் பற்றரி போர்டுக்கு மட்டும். இரண்டின் கிரவுண்ட் (மறை, மைனஸ்) வயரையும் சேர்த்துவிட வேண்டும், பாதிப்பேர் இதை மறந்துவிட்டு டிரைவர் பழுது என்பார்கள். மோட்டார் கிளப்பும் மின் இரைச்சலைக் குறைக்க அதன் இரண்டு காலுக்கும் குறுக்கே 104 (0.1 மைக்ரோபரட்) என்று எழுதிய செராமிக் கப்பாசிட்டர் ஒன்று. மோட்டாரை நேரே போர்டின் பின்னில் கொடுக்க மட்டும் விடாதீர்கள். ஒரு பின்னுக்கு 20 மில்லியம்பியர்தான் அளவு, 40ஐத் தாண்டினால் சிப் பழுதாகிவிடலாம்.

18650 என்ற லித்தியம் ரீசார்ஜ் பற்றரி போட்டால் இதைவிட நன்றாக ஓடுமே என்று சொல்ல வருகிறவர்களுக்கு: ஓடும், தெரியும். முப்பது பிள்ளைகள் வயரைப் பிடுங்கி மாற்றும் வகுப்பில் ஷோர்ட் ஆகித் தீப்பிடித்தால் பதில் சொல்ல வேண்டியது நான். கைவசம் எல்298என் இருந்தால் எறியச் சொல்லவும் இல்லை. இழப்புக்கு ஈடாக இரண்டு பற்றரி கூட வையுங்கள்.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். பாகம் சரியாக இருந்தாலும் எங்களுக்கு நேரம் இல்லை. பின்னேர பஸ்ஸைத் தவறவிட்டால் உள்கிராமத்துப் பிள்ளைகளுக்கு வேறு வழியில்லை, காட்டுப் பாதையில் யானை. போட்டிக்கு முதல்நாள் அந்தப் பிள்ளை சொல்டரைப் பாதியில் வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள். மீதியை நான்தான் ஒட்டினேன். அது அவள் செய்திருக்க வேண்டிய வேலை.