சிட்னில வீடு பெருசா வேணுமா, ஸ்டேஷன் பக்கமா வேணுமா?

தம்பி, உங்க கேள்வி பார்த்தேன். 190 விசா, அதாவது நிரந்தரமா தங்கற பிஆர் விசா வந்துடுச்சு, மெக்குவாரி பார்க்ல வேலை, நாலாவது படிக்கிற பொண்ணு, மூணு வயசுப் பையன். வென்ட்வர்த்வில் பக்கம் பழைய ரெண்டு பெட்ரூம் யூனிட்டுக்கு, அதாவது ஃப்ளாட்டுக்கு, குடுக்கிற வாடகைக்கு மேல கொஞ்சம் போட்டா மார்ஸ்டன் பார்க்ல நாலு பெட்ரூம் புது வீடே கிடைக்குதே, எதை எடுக்கலாம்னு கேட்டிருக்கீங்க. தப்பான கணக்குன்னு சொல்லமாட்டேன், 2011ல நாங்களும் இதே கணக்கைத்தான் போட்டோம்.

ஆனா நீங்க எழுதினதுல உங்க ஆபீஸ் இருக்கு, ஸ்கூல் இருக்கு, கோயில் இருக்கு, உங்க வீட்ல அவங்க பகல் பூரா என்ன பண்ணுவாங்கன்னு ஒரு வரி இல்ல. நீங்க காலைல கிளம்பிடுவீங்க, அந்த ஊர்ல நாள் முழுக்க இருக்கப்போறது அவங்களும் அந்தச் சின்னப் பையனும்தான்.

எங்க கதையைச் சொல்றேன். பிளாக்டவுனுக்கு அந்தாண்ட ஒரு புது லேஅவுட்ல வீடு எடுத்தோம், வீடு அருமையா இருந்துச்சு, திருச்சியிலேர்ந்து எங்க அம்மா வீடியோல பார்த்துட்டு பங்களான்னாங்க. ஜனவரி மாசம், என் பையனுக்கு எட்டு மாசம், தடுப்பூசி போடணும், எங்க வீட்டுக்காரர் காரை எடுத்துட்டு வேலைக்குப் போயிட்டார், மணிக்கு ஒரு பஸ். வீட்லேர்ந்து பஸ் ஸ்டாப் பத்து நிமிஷ நடைதான், ஆனா பாதி தூரத்துல ஃபுட்பாத் முடிஞ்சுபோச்சு, அதுக்கப்புறம் வீடே கட்டாத காலி மனை, வெறும் புல்லு. அந்தப் புல்லுல பிண்டின்னு ஒரு முள்ளு இருக்கும், நம்மூர் நெருஞ்சிக்குத் தங்கச்சின்னு வச்சுக்கோங்க, பையனைத் தள்ளிட்டுப் போன ப்ராம் வீலெல்லாம் அதுவே ஒட்டிக்கிச்சு, என் செருப்புலயும் ஏறிடுச்சு. வேர்த்து விறுவிறுத்து ஸ்டாப்ல போய் நிக்கறேன், பஸ் வருது, அப்படியே தாண்டிப் போயிடுச்சு! இங்க ஸ்டாப்ல நின்னா மட்டும் போதாது, கையை நீட்டிக் காட்டணும், இல்லேன்னா டிரைவர் நீங்க வேற பஸ்ஸுக்கு நிக்கறீங்கன்னு போயிட்டே இருப்பார். எனக்கு அது தெரியாது. அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம், நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. திரும்பி நடந்து வீட்டுக்கு வந்து ஏசியைப் போட்டுட்டு உக்காந்து அழுதேன். லீஸ் முடிஞ்ச அன்னிக்கே பெண்டில் ஹில்லுக்கு மாறிட்டோம்.

மார்ஸ்டன் பார்க்கை மட்டம் தட்றேன்னு நினைக்காதீங்க, அங்க ஐகியா, காஸ்ட்கோ எல்லாம் இருக்கு, நம்ம ஆளுங்களும் நிறைய. ஆனா ரயில் கிடையாது, கிட்டக்க வேணும்னா ஸ்கோஃபீல்ட்ஸ் போகணும். அங்க ரெண்டு கார் இல்லாம குடும்பம் நடத்தறது கஷ்டம். அவங்க கார் ஓட்டுவாங்களா? ஓட்டினாலும் பிஆர் விசாக்காரங்க நம்மூர் லைசென்ஸை வச்சு மூணு மாசம்தான் ஓட்டலாம், அதுக்குள்ள இங்க எழுத்து டெஸ்ட், ஓட்டற டெஸ்ட் ரெண்டும் பாஸ் பண்ணணும். ஊர்ல பத்து வருஷம் ஓட்டினவங்களே தலையைத் திருப்பி பிளைண்ட் ஸ்பாட் பார்க்கலேன்னு ஃபெயிலாயிருக்காங்க, என்னையும் சேர்த்து.

வெயிலைப் பத்தியும் யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. சிட்னின்னா பீச்னு நினைச்சுட்டு வருவோம், நாம பேசற இந்த ஏரியாவெல்லாம் சிட்னிக்கு மேற்குப் பக்கம், கடல் காத்து இங்க வந்து சேர்றதுக்குள்ள ஓய்ஞ்சுடும். 2020 ஜனவரி 4ஆம் தேதி பென்ரித்ல 48.9 டிகிரி அடிச்சுது, வேலூரெல்லாம் பிச்சை வாங்கணும். புது லேஅவுட்ல கறுப்பு ஓடு, ஒட்டி ஒட்டி வீடு, மரம் வளர இன்னும் பல வருஷம் ஆகும். பழைய ஏரியால மரமாவது இருக்கு. குளிர்காலத்துல வீட்டுக்குள்ளயே ஸ்வெட்டர் போட்டுட்டு இருக்கணும், அது பழைய யூனிட்ல இன்னும் மோசம், அதையும் சொல்லிடறேன்.

வெஸ்ட்மீட், வென்ட்வர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி நாலும் ஒரே ரயில் லைன்ல அடுத்தடுத்த ஸ்டேஷன். நாங்க வென்ட்வர்த்வில்லை வென்டின்னுதான் சொல்வோம். ஸ்டேஷன்லேர்ந்து பத்து நிமிஷ நடைக்குள்ள வீடு பார்த்தா உங்க வீட்டம்மா பையனை ப்ராம்ல வச்சுத் தள்ளிட்டு மளிகைக் கடை, டாக்டர், பார்க் எல்லாம் காரில்லாமலே போய்ட்டு வரலாம். பெண்டில் ஹில் பக்கம் ஈழத்தமிழர் கடைங்க இருக்கு, முருங்கைக்காய், கருவேப்பிலை கிடைக்கும். முருகன் கோயில் பக்கத்துலயே மேஸ் ஹில்ல. வார இறுதியில தமிழ்ப் பள்ளி இருக்கு, பொண்ணு விடாம படிச்சா பின்னாடி பன்னெண்டாவது ஹெச்எஸ்சில தமிழையே ஒரு பாடமா எடுத்துக்கலாம். ஆனா ஆளுங்க நிறைய இருந்தா பேச்சும் நிறைய இருக்கும், உங்க சம்பளம், பொண்ணு மார்க் எல்லாம் தெருவுக்கே தெரியும். எனக்கு முதல் வருஷம் அந்தப் பேச்சே தேவைப்பட்டுது, அது வேற விஷயம்.

ஸ்கூலுக்காக கிர்ரவீன்ல வீடு எடுங்கன்னு யாராவது சொல்லியிருப்பாங்க. கிர்ரவீன் ஹைஸ்கூல் செலக்டிவ், பரீட்சை எழுதித்தான் சேரணும், பக்கத்துத் தெருவுல இருந்தாலும் சீட் தரமாட்டாங்க. சாதாரண அரசுப் பள்ளிக்குத்தான் ஏரியா கணக்கு, அதுவும் ஒரே தெருவுல இந்தப் பக்கம் ஒரு ஸ்கூல், அந்தப் பக்கம் வேற ஸ்கூல்னு இருக்கும். வீட்டு நம்பரை கல்வித்துறை வெப்சைட்ல போட்டுப் பார்த்துட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க. பையனுக்கு டேகேர் வேணும்னா இப்பவே பேரைக் குடுத்து வைங்க, வெயிட்டிங் லிஸ்ட் அனுமார் வால்.

இங்க வாடகை வாரக் கணக்கு, நாலால பெருக்கி ஏமாந்துடாதீங்க. வாரம் 600 டாலர்னா மாசம் 2,400 இல்ல, 2,600. பாண்ட்னு சொல்ற அட்வான்ஸ் டெபாசிட் நாலு வார வாடகை வரைக்கும், முன்கூட்டிக் கட்டற வாடகை ரெண்டு வாரம் வரைக்கும் கேட்கலாம், ஆக சாவி வாங்கவே 3,600 வேணும். ஊர்லேர்ந்தபடியே போட்டோ பார்த்து பணம் அனுப்பாதீங்க, மூணு நாலு வாரத்துக்குத் தற்காலிகமா ஒரு இடம் பிடிச்சுட்டு நேர்ல பாருங்க. இன்ஸ்பெக்ஷன்னு பதினஞ்சு நிமிஷம் கதவைத் திறப்பாங்க, வரிசைல இருபது குடும்பம் நிக்கும். உங்களுக்கு இங்க வாடகை ஹிஸ்டரி இருக்காது, அதனால ஆஃபர் லெட்டர், பேங்க் ஸ்டேட்மென்ட், பழைய வீட்டு ஓனர்கிட்ட ஒரு லெட்டர்னு ரெடியா வச்சுக்கோங்க. குடி போனதும் ஏழு நாளுக்குள்ள கண்டிஷன் ரிப்போர்ட்டை, அதாவது வீடு எந்த நிலையில இருக்குன்னு எழுதற படிவத்தை, நிரப்பித் திருப்பிக் குடுக்கணும், கார்ப்பெட் கறை ஒண்ணு விடாம போட்டோ எடுங்க, ஒரு ஏஜென்ட் எங்களுக்கு முன்னாடி இருந்தவங்க கொட்டின டீக் கறைக்கு எங்க பாண்ட்ல கை வச்சார். முதல் லீஸ் ஆறு மாசத்துக்குக் கேட்டுப் பாருங்க, எல்லாரும் தரமாட்டாங்க, கேட்டா தப்பில்ல.

வென்டிலேர்ந்து மெக்குவாரி பார்க் போறது மட்டும் தொல்லைதான், ஒளிக்கலை. பரமட்டாவுல இறங்கி பஸ் மாறணும், கதவுக்குக் கதவு ஒரு மணி நேரம் வச்சுக்கோங்க. அதே எப்பிங்லேர்ந்து மெட்ரோல ரெண்டாவது ஸ்டேஷன், ஆனா அங்க வாடகை ஏறிடும், இடம் சுருங்கிடும். வாரத்துக்கு எத்தனை நாள் ஆபீஸ்ல முகம் காட்டணும்னு நீங்க எழுதலையே. ரெண்டு மூணு நாள்னா வென்டி லைன்லயே பாருங்க, அஞ்சு நாளும்னா எப்பிங், இல்ல மெட்ரோ லைன்ல இன்னும் மேல கெல்லிவில் பக்கம், அங்கயும் ஸ்டேஷனுக்கு நடக்கற தூரத்துல. ஸ்டேஷன் பேரெல்லாம் அவங்ககிட்ட குடுங்க, மேப்ல வீட்லேர்ந்து கடைக்கு நடந்து பார்க்கட்டும், சந்தேகம் இருந்தா அவங்களையே நேரா எனக்கு எழுதச் சொல்லுங்க.