தம்பி பைக் ரேஸராகப் போகிறேன் என்கிறான், அதை வைத்துப் பிழைக்க முடியுமா?

தம்பிக்கு 17 வயது, பிளஸ் டூ படிக்கிறான், ஊர் பொள்ளாச்சிப் பக்கம், காலேஜ் வேண்டாம் ரேஸ்தான் ஓட்டுவேன் என்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அவனுக்கு அக்காவாகத்தான் இருப்பீர்கள். அண்ணனாக இருந்தால் இதைக் கேள்வியாகப் போட்டிருக்க மாட்டான், வண்டிச் சாவியைப் பிடுங்கி வைத்திருப்பான்.

முடியும். ஆனால் நம் நாட்டில் அப்படிப் பிழைப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நான் அந்த விரல்களில் இல்லை. 2009 முதல் 2011 வரை மூன்று சீசன் ஓட்டினேன். இப்போது கோவை கணபதியில் அப்பாவின் லேத்துப் பட்டறைக்குப் பக்கத்திலேயே டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். "தோத்தவன் வேற எப்படிப் பேசுவான்" என்று யாராவது கீழே எழுதுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்: ஆமாம், தோற்றவன்தான். ஜெயித்தவர்கள் இந்தக் கேள்விக்கெல்லாம் பதில் எழுத உட்கார மாட்டார்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கி விடுகிறேன். அவிநாசி ரோட்டில் ராத்திரி பதினோரு மணிக்குச் சைலன்சரைக் கழற்றிவிட்டுப் பறக்கிறானே, அவன் ரேஸர் இல்லை. டிராக்கில் ஓட்டுகிறவன் ரோட்டில் நாற்பதைத் தாண்ட யோசிப்பான். எதிரே ஆடு வராது, மணல் கிடக்காது, விழுந்தால் உருள இடம் இருக்கிறது என்று தெரிந்த இடத்தில்தான் எங்களுக்கு வேகம் வரும். இதை ஊருக்குப் புரியவைக்க முடியாது. எனக்குப் பெண் பார்த்தபோது தாராபுரம் பக்கம் ஒரு வீட்டில் ஜாதகம் பொருந்தி, பூ வைக்க நாள் குறிக்கிற வரை வந்தது. அப்புறம் ஒறம்பரையில் யாரோ "மாப்ள பைக் ரேஸாமா" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டார்கள். அத்தோடு முடிந்தது. அந்த வீட்டுத் தாய்மாமன் வாரத்தில் நாலு நாள் குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவர் என்பது அந்த ஊருக்கே தெரியும். சரி, அது போகட்டும்.

கோயமுத்தூர்க்காரனுக்கு இந்தப் பைத்தியம் பிடிக்கக் காரணம் இருக்கிறது. செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற ரேஸ் டிராக் இருக்கிறது, 2003ல் திறந்தது. பார்முலா மாருதி என்ற ரேஸ் காரை உருவாக்கி, 1995ல் விமான விபத்தில் இறந்துபோன கரிவர்தனின் பெயர் அதற்கு. 2005ல் நரேன் கார்த்திகேயன் பார்முலா ஒன்னுக்குப் போனபோது நான் டிப்ளமோ மாணவன். நம்ம ஊர்க்காரன் அங்கே போய்விட்டான், நாம் ஏன் போகக்கூடாது என்று கோவையில் பாதிப் பையன்கள் நினைத்த வருஷம் அது. கார் ரேஸுக்கு என்னிடம் காசு இல்லை. பைக் என்றால் முடியும் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்குதான் தப்பு.

செகண்ட் ஹேண்டில் ஒரு 150 சிசி வண்டி. யாரோ இரண்டு வருஷம் போட்டுக் கழித்த லெதர் சூட், 18,000 ரூபாய். கம்பெனி டீம்காரர்கள் ஒரு ரேஸுக்கு ஓட்டிவிட்டுத் தூக்கிப்போடும் டயரைப் பாதி விலைக்கு வாங்குவோம். ஓரம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்து வாங்குவேன், மாடு வாங்குகிறவன் பல்லைப் பார்ப்பது மாதிரி. ரேஸ் சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் என்றால் வண்டியை மினி ஆட்டோவில் ஏற்றி 500 கிலோமீட்டர், அங்கே ஷெட்டிலேயே படுக்கை. அங்கே ஸ்ட்ரெயிட் நீளம், பின் ஸ்ப்ராக்கெட்டில், அதாவது செயின் ஓடுகிற பல்சக்கரத்தில், பல் குறைவாகப் போட வேண்டும். செட்டிபாளையம் சின்ன டிராக், வளைந்து நெளிந்து போகும். பல் கூட்டினால்தான் வளைவிலிருந்து வண்டி எழும். ஆடி மாசத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேறு. வண்டி லேசு, நானும் அப்போது 56 கிலோ. முன்னால் போகிறவனின் முதுகுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போனால் காற்று அடிக்காது. சட்டென்று விலகி முந்தப் போனால் கன்னத்தில் அறைகிற மாதிரி அடிக்கும்.

நோட்டுப் போட்டு எழுதி வைத்திருந்தேன். மூன்று சீசனில் செலவு 4,12,000. வரவு மூன்றாம் இடக் கோப்பை இரண்டு, ஒரு ஹெல்மெட், ஒரு ஆயில் கம்பெனி கொடுத்த 12 டப்பா ஆயில்.

அந்த நாலு லட்சம் அப்பாவுடையது. அவர் பட்டறையில் பம்ப் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிற ஜாப் ஒர்க். இதைச் சொல்லும்போது வேறொன்றும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வேலை முடித்துக் கொடுத்தால் காசு தொண்ணூறு நாள் கழித்து வரும். தொண்ணூறாவது நாள் போனால் "அக்கவுண்ட்ஸ்ல ஆள் லீவுங்க" என்பார்கள். அந்தக் கம்பெனிக்காரன் ஷோரூமுக்கு மார்பிள் போட்டுக்கொண்டே இருப்பான், நாம் கரண்ட் பில்லுக்கு நகையை வைத்துக்கொண்டே இருப்போம். கோயமுத்தூர் தொழில் நகரம், தொழில் நகரம் என்கிறார்களே, அது பாதி இந்த மாதிரிச் சின்னப் பட்டறைக்காரன் வட்டியில்லாமல் கொடுக்கிற கடனில் ஓடுகிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

அப்பா ஒரு தடவைகூட டிராக்குக்கு வந்ததில்லை. ஆனால் நான் ஃபுட்பெக் தேய்ந்துபோச்சு என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னேன். ஃபுட்பெக் என்றால் ஓட்டுகிறவன் கால் வைக்கிற கட்டை. வண்டி சாயும்போது அதன் நுனி தரையில் உரசும், அதில் தேயும். இரண்டு நாள் கழித்துப் பட்டறை மேசையில் ஒரு ஜோடி கிடந்தது. அலுமினியத்தில் கடைந்து, ஷூ வழுக்காமலிருக்க மேலே சொரசொரப்பாக நர்லிங் போட்டு, நுனியைத் தனியாகக் கழற்றி மாற்றுகிற மாதிரி மரை வெட்டியிருந்தார். தேய்ந்தால் நுனியை மட்டும் மாற்றினால் போதும். இதை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. எடுத்துக்கொண்டு கிளம்பினேன். "மெட்டீரியல் காசு 340, உன் பேர்ல எழுதியிருக்கேன்" என்றார், தலை நிமிராமல்.

சரி, ஏன் தோற்றேன்? காசு இல்லாததால் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். உண்மை அது இல்லை. நான் ஓட்டிய சிசி பிரிவில் ஜெயித்துக்கொண்டிருந்த பையன் ஒரு சுற்றுக்கு என்னைவிட 1.8 விநாடி வேகம். எட்டுச் சுற்றில் பதினாலு விநாடிக்கு மேல், அதாவது முந்நூறு மீட்டருக்கு மேல். அவன் கொடி வாங்கும்போது நான் கடைசி வளைவுக்கே வந்திருக்க மாட்டேன். இந்த 1.8 எங்கே போகிறது என்று ஒரு வருஷம் தேடினேன். நான் வண்டி நேராக இருக்கும்போதே பிரேக்கை முடித்துவிட்டுத்தான் சாய்ப்பேன். அவன் பிரேக்கோடு சாய்வான், சாயச் சாயக் கொஞ்சம் கொஞ்சமாக விரலை விடுவான். அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு அது மண்டைக்குத் தெரியும், உடம்புக்கு வரவில்லை. அவன் எட்டு வயதில் மண் டிராக்கில் ஆரம்பித்தவன், நான் 22ல்.

2011ல் அதை உடம்புக்கு வரவைக்கப் பார்த்தேன். காலைப் பிராக்டிஸ், இரண்டாவது சுற்று, டயர் இன்னும் சூடாகவில்லை. பிரேக்கோடு சாய்ந்தேன், அது சரியாகவே வந்தது. வந்த சந்தோஷத்தில் ஆக்ஸிலரேட்டரை சித்த முன்னாடியே திருகிவிட்டேன். பின் டயர் வழுக்கியது. அப்படியே வழுக்கி விழுந்திருந்தால் சிராய்ப்போடு போயிருக்கும். வழுக்கிய டயர் திடீரென்று தரையைப் பிடித்தது. அப்போது வண்டி குதிரை மாதிரி உதறும், ஓட்டுகிறவன் மேலே போவான். ஹைசைடு என்பார்கள். மேலே இருந்தபோது என் வண்டி கீழே எனக்கு முன்னால் போவதைப் பார்த்தேன். ஆளில்லாமல் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

காறை எலும்பு மூன்று துண்டு, மணிக்கட்டில் ஒரு விரிசல். ஆஸ்பத்திரியில் நர்ஸ் கத்தரிக்கோலை எடுத்தார், சூட்டை வெட்ட. "வெட்டாதீங்க சிஸ்டர், 18,000" என்று கத்தினேன். கையை மெதுவாக உருவி எடுக்க அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணி நேரத்தை இன்றைக்கும் நினைக்கப் பிடிக்காது. அம்மா வெளியே நின்று "சாமி, சாமி" என்று அழுதது கேட்டது. இன்ஷூரன்ஸ்காரர்கள் பாலிசியில் ரேஸ் சேராது என்று ஒரு வரியைக் காட்டினார்கள். அந்த வரி இருந்ததும் உண்மைதான். பிளேட், ஆறு ஸ்க்ரூ, நகை மறுபடி அடகு.

இங்கே "மார்க் மார்க்கெஸைப் பார்" என்று யாராவது வருவீர்கள். பார்த்தேன். 2020ல் ஹெரெஸில் வலது கை உடைந்து, நாலு ஆபரேஷன் செய்து, 2025ல் மறுபடி மோட்டோஜிபி பட்டம், அதாவது பைக் ரேஸின் உலகப் பட்டம் வாங்கினார். மிக் டூஹன் 1992ல் காலையே எடுக்க வேண்டிய நிலைமைக்குப் போய், 1994லிருந்து ஐந்து வருஷம் தொடர்ந்து உலகப் பட்டம் ஜெயித்தார். இரண்டு பேரும் உடைவதற்கு முன்பே உலகத்தில் எல்லாரையும்விட வேகமாக இருந்தவர்கள். நான் உடைவதற்கு முன்பும் 1.8 விநாடி பின்னால். அந்த மார்க்கெஸ் உலகப் போட்டிக்கு வந்தது 15 வயதில். மோட்டோஜிபியில் முழு சீசன் ஓட்டுகிறவர்கள் மொத்தமே 22 பேர். உங்கள் தம்பிக்கு 17 ஆகிவிட்டது, அதனால் உலகப் பட்டம் பற்றிய பேச்சை வீட்டில் எடுக்காமல் இருப்பது நல்லது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நம் நாட்டில் வழி இருக்கிறது. ரஜினி கிருஷ்ணன், ஜெகன் குமார் எல்லாம் பலமுறை தேசியப் பட்டம் வாங்கியவர்கள். கம்பெனி டீம் ஒன்றில் ரைடராக எடுத்துக்கொண்டால் வண்டி, டயர், மெக்கானிக் எல்லாம் அவர்கள் பொறுப்பு. அதுவரை எல்லாம் வீட்டுக் காசு. அதனால் சொந்தமாக வண்டி வாங்கித் தராதீர்கள். டிவிஎஸ் 1994லிருந்து ஒன் மேக் போட்டி நடத்துகிறது. எல்லாருக்கும் ஒரே மாதிரி வண்டி, அவர்களே தருவார்கள். "என் வண்டி சரியில்லை" என்று சொல்ல வழியே கிடையாது, அதுதான் அதில் நல்லது. முதலில் ஒரு நாள் பயிற்சிப் பள்ளியில் சேர்த்து விடுங்கள். சாயங்காலம் லேப் நேரத்தை, அதாவது ஒரு சுற்றுக்கு ஆன நேரத்தை, காகிதத்தில் எழுதி வாங்குங்கள். அதே டிராக்கில் அதே சிசியில் ஜெயிக்கிறவன் நேரத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். ஆறு மாதத்தில் இடைவெளி சுருங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். நான் அதை மூன்று வருஷம் பார்க்காமல் இருந்தேன்.

ஆபத்தைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டையில் போட்டியின்போது விழுந்து 13 வயதுப் பையன் ஒருவன் இறந்தான். அன்றைக்கு ஒர்க்‌ஷாப்பைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். காலேஜை விடச் சொல்லாதீர்கள், ரேஸ் பெரும்பாலும் சனி ஞாயிறில்தான் நடக்கும். நல்ல மெக்கானிக்காகவோ டேட்டா பார்க்கிறவனாகவோ அதே ஷெட்டில் சம்பளத்துக்கு நிற்கலாம், அதற்குப் படிப்பு வேண்டும்.

என் சூட்டை வீணாக்கவில்லை. கிழிந்த தோளைத் தைத்து 2012ல் ஒரு சூலூர்ப் பையனுக்கு 9,000க்கு விற்றேன். அவன் நாலைந்து வருஷம் ஓட்டினான், என்னைவிட நன்றாகவே ஓட்டினான். இப்போது பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறான், அவர்கள் வண்டிக்கு ஏதாவது கடைய வேண்டுமென்றால் எங்கள் பட்டறைக்குத்தான் வருவான். அப்பாவுக்கு 70 ஆகிறது. அவன் வந்தால் மட்டும் லேத்தில் அவரே நிற்பார். போன மாசம் நாலு ஜோடி ஃபுட்பெக் கடைந்து கொடுத்தார், அதே நர்லிங், அதே மரை போட்ட நுனி. காசு எவ்வளவு என்று அவன் கேட்டதற்கு, "போ கண்ணு, பசங்களுக்குத் தானே" என்றார். என் பேரில் எழுதின 340 ரூபாய் அந்தப் பழைய நோட்டில் இன்னும் அடிக்கப்படாமல் நிற்கிறது.