முதுமையில் மூட்டுவலி: கேள்வி பதில்

கேள்வி: 68 வயதான என் தாயார், நடந்தால் முழங்கால் மேலும் தேய்ந்துவிடும் என்று அஞ்சி நடப்பதையே நிறுத்திவிட்டார். இது சரிதானா?

பதில்: சரியன்று. மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் கிடையாது. மூட்டு அசையும்போதுதான் அங்குள்ள திரவத்திலிருந்து அது ஊட்டம் பெறுகிறது. நடையை நிறுத்தினால் தொடையின் முன்புறத் தசை மெலிந்து, அது தாங்கவேண்டிய சுமையும் மூட்டின்மேல் விழுவதால் வலி கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டி, 5 நொடி நிறுத்தி இறக்கட்டும். காலுக்குப் பத்து முறையாகக் காலையும் மாலையும் செய்யலாம். சமதளத்தில் இயன்ற அளவு நடக்கட்டும். உடல் பருமனாக இருந்தால், 1 கிலோ எடை குறைந்தாலே ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை ஏறத்தாழ 4 கிலோ குறையும். ஊன்றுகோலை வலியில்லாத பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். பலர் இதை மாற்றிச் செய்கிறார்கள்.

கேள்வி: காலையில் எழுந்தால் இரு கை விரல்களையும் மடக்க முடியவில்லை, இயல்புநிலைக்கு வர இரண்டு மணி நேரமாகிறது. இதுவும் தேய்மானமா?

பதில்: தேய்மானத்தால் வரும் விறைப்பு பெரும்பாலும் அரை மணிக்குள் தளர்ந்துவிடும். உங்களுக்கு விரல் கணுக்களில் வீக்கமும் இருந்தால், உடலின் எதிர்ப்பாற்றலே மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதமாக இருக்கலாம் என்பதால், மூட்டுவாத மருத்துவரைத் தாமதமின்றிப் பாருங்கள். தொடக்கத்திலேயே சிகிச்சை பெற்றால் மூட்டுகள் கோணிப்போவதைப் பெருமளவு தடுக்கலாம். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தை மருத்துவர் கொடுத்தால், அது வாரத்தில் ஒரே ஒரு நாள் உண்ணும் மாத்திரை. தினமும் உண்டால் உயிருக்கே ஆபத்து; வீட்டாரும் இதை அறிந்திருக்க வேண்டும்.

கேள்வி: இரத்த அழுத்தத்துக்கு மருந்து உண்ணும் என் தந்தை, மருந்துக் கடையில் தாமாகவே வலி மாத்திரை வாங்கித் தினமும் உண்கிறார். தொடரலாமா?

பதில்: எனக்கு மிகுந்த கவலை தருவது இந்தப் பழக்கமே. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் முதியவர்களின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். இரத்த அழுத்தத்தை உயர்த்தும். வயிற்றில் புண்ணாக்கி, முன்கூட்டி வலி ஏதுமின்றியே இரத்தக்கசிவை உண்டாக்கவும் கூடும். மலம் தார்போலக் கறுத்தால் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவை இரத்தத்தில் பரிசோதித்து, மாத்திரைக்குப் பதிலாக முழங்காலில் தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல் போதுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பெயர்ச்சீட்டு இல்லாத மூட்டுவலிப் பொடிகளை வாங்கவே வேண்டாம். சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது கண்டறியப்பட்டுள்ளது. அத்தகைய பொடியை ஏற்கெனவே நெடுநாள் உண்டிருந்தால், திடீரென நிறுத்தாமல் மருத்துவரிடம் காட்டிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

கேள்வி: எக்ஸ்ரேயில் தேய்மானம் அதிகம் என்கிறார்கள். மூட்டு மாற்று அறுவை கட்டாயமா?

பதில்: படத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். பயிற்சியும் மருந்தும் முறையாகத் தொடர்ந்த பின்னரும் வலியால் இரவுத் தூக்கம் கெட்டு, வீட்டுக்குள் நடமாடுவதே அரிதானால், அப்போது அறுவையைத் தள்ளிப்போடாதீர்கள்.