லைட் அணைஞ்சிருந்துச்சு, வால்வு திறந்தே கிடந்துச்சு

கேள்வி: சார், அணுமின் நிலையத்துல எந்த விபத்து நடந்தாலும் 'மனுசத் தப்பு'ன்னு சொல்லி ஃபைலை மூடிடறாங்க. அப்போ ஆபரேட்டர்களைத் தூக்கிட்டு எல்லாத்தையும் கம்ப்யூட்டர்கிட்டயே விட்டுட்டா என்ன?

பதில்: மனுசத் தப்புன்னு சொன்ன உடனே விசாரணை முடிஞ்சு போச்சுன்னு நினைக்கிறதுதான் எனக்கு ரொம்ப ஆத்திரம் வர்ற விஷயம், உண்மையில விசாரணை அங்கதான் ஆரம்பிக்கணும். அமெரிக்காவுல பென்சில்வேனியா மாநிலம், த்ரீ மைல் ஐலண்ட், 1979 மார்ச் 28, விடியக்காலை 4 மணி. தண்ணி அனுப்புற பம்ப் நின்னு போச்சு, பிரஷர் ஏறுனதால அதை வெளியேத்துற ரிலீஃப் வால்வு திறந்துச்சு, ரியாக்டர் தானாவே ஷட்டவுன் ஆயிடுச்சு. இதுவரைக்கும் எல்லாம் சரி. பிரஷர் இறங்குனதும் அந்த வால்வு மூடியிருக்கணும், மூடல. ஆனா பேனல்ல அதோட லைட் அணைஞ்சிடுச்சு! ஏன்னா அந்த லைட் வால்வு மூடிச்சான்னு காட்டுற லைட்டே இல்ல, மூடுன்னு உத்தரவு போச்சான்னு மட்டும் காட்டுற லைட். ஆபரேட்டர் அதைப் பார்த்துட்டு மூடிடுச்சுன்னு நம்புனாரு, அவர் இடத்துல நீங்களோ நானோ இருந்தாலும் அதைத்தான் நம்பியிருப்போம்.

இதுக்கு நடுவுல பிரஷரைசர்ல, அதாவது ரியாக்டர் தண்ணியோட பிரஷரைச் சீரா வச்சுக்கிற தொட்டியில, தண்ணி மட்டம் ஏறிக்கிட்டே போற மாதிரி காட்டுது, நிஜத்துல ரியாக்டருக்கு உள்ள தண்ணி குறைஞ்சுக்கிட்டு இருக்கு. பிரஷரைசர் முழுசா ரொம்பிடக் கூடாதுன்னு ட்ரெயினிங்ல அவங்களுக்கு அழுத்தி அழுத்திச் சொல்லியிருந்தாங்க. அதனால ரியாக்டரைக் குளிர வைக்கத் தானா ஓட ஆரம்பிச்ச எமர்ஜென்சி தண்ணியை அவங்களே கையால குறைச்சிட்டாங்க. கொஞ்ச நேரத்துல நூத்துக்கும் மேல அலாரம், எது முக்கியம் எது சும்மான்னு பிரிக்கவே முடியல, அலாரத்தை அச்சடிக்கிற பிரின்டர் நடக்கிறதுக்குப் பின்னாடி மணிக்கணக்குல பிந்திப் போயிடுச்சு. இன்னொரு பக்கம் எமர்ஜென்சி ஃபீட் வாட்டர் லைன்ல, அதாவது நின்னு போன பம்புக்குப் பதிலா தண்ணி அனுப்புற லைன்ல, ரெண்டு வால்வு மூடியே கிடந்துச்சு, அது மூடியிருக்குன்னு காட்டுற லைட்ல ஒண்ணு மேல மெயின்டனன்ஸ்காக மாட்டுன மஞ்சள் டேக் தொங்கி மறைச்சிருந்துச்சு. அதைக் கண்டுபிடிக்க 8 நிமிஷம் ஆச்சு. ரிலீஃப் வால்வு விஷயம் பிடிபட ரெண்டு மணி நேரத்துக்கும் மேல ஆச்சு, அதுவும் புதுசா உள்ள வந்த ஒருத்தர் புதுக் கண்ணோட பார்த்ததாலதான் அதே பைப்ல இருந்த பிளாக் வால்வுங்கிற இன்னொரு அடைப்பு வால்வை மூடுனாங்க. அதுக்குள்ள ரொம்ப லேட். எரிபொருள் இருக்கிற ரியாக்டர் கோர்ல பாதி அளவுக்கு உருகிப் போச்சுன்னு பின்னாடி தெரிஞ்சுது.

இங்க மெஷின் செஞ்சது சரிதானேன்னு நீங்க கேட்கலாம், நியாயம்தான். ஆனா 2011ல ஜப்பான்ல ஃபுகுஷிமா நிலையத்தோட முதல் யூனிட்டைப் பாருங்க, சுனாமில கரண்ட் போனதும் ஐசோலேஷன் கன்டென்சர்னு ஒரு கூலிங் அமைப்போட வால்வுகளை மூடச் சொல்லி சிக்னல் தானாவே போச்சு, குளிர வைக்க வேண்டிய நேரத்துல! அந்த அமைப்பை நிஜமா ஓட்டிப் பார்த்த அனுபவமும் அங்க இருந்தவங்களுக்கு அன்னைக்கு வரைக்கும் கிடையாது. அப்புறம் இருட்டுல கார் பேட்டரியைக் கழட்டிக் கொண்டு வந்து மீட்டர்ல மாட்டி ரீடிங் எடுத்தது மனுசங்கதான். ஆட்டோமேஷன் வேணும், வேண்டாம்னு சொல்லவே இல்ல, ஆனா யாருமே யோசிச்சுப் பார்க்காத நிலைமை வந்தா சமாளிக்க ஆள் வேணும்ல.

கேள்வி: நான் இன்ஜினியரிங் படிக்கிறேன். கன்ட்ரோல் ரூம் வீடியோவுல ஒருத்தர் சொன்னதையே இன்னொருத்தர் திருப்பிச் சொல்றாங்க, அவசர நேரத்துல இது டைம் வேஸ்ட் இல்லையா?

பதில்: தம்பி, அந்த மூணு செகண்டுதான் பல நாள் காப்பாத்துது. சூப்பர்வைசர் "பம்ப் 2 பிராவோ ஸ்டார்ட் பண்ணுங்க"ம்பாரு, ஆபரேட்டர் "பம்ப் 2 பிராவோ ஸ்டார்ட் பண்றேன்"ம்பாரு, அவர் "சரி"ன்னு சொன்னப்புறம்தான் கை சுவிட்ச்சுக்குப் போகும். பி-ன்னு சொல்லாம பிராவோன்னு சொல்றது எதுக்குன்னா, பி, டி, ஜி எல்லாம் சத்தத்துக்கு நடுவுல காதுல ஒண்ணு மாதிரியே விழும். சுவிட்ச் மேல விரலை வச்சு லேபிளை வாய் விட்டுப் படிப்பாங்க, முக்கியமான வேலைன்னா பக்கத்துல இன்னொருத்தர் நின்னு பார்ப்பாரு. மனப்பாடமா தெரிஞ்ச வேலையா இருந்தாலும் புரொசீஜரைக் கையில வச்சு ஒவ்வொரு ஸ்டெப்பா டிக் அடிச்சுத்தான் போவாங்க.

கேள்வி: நைட் ஷிப்ட்ல தூங்கிட்டா?

பதில்: அமெரிக்காவுல பீச் பாட்டம் நிலையத்துல கன்ட்ரோல் ரூம்ல தூங்குனது தெரிஞ்சு 1987 மார்ச்ல அரசு உத்தரவு போட்டு நிலையத்தையே மூட வச்சாங்க. 1986ல சோவியத் யூனியன்ல வெடிச்ச செர்னோபில்லயும் பாருங்க, பகல்ல நடக்க வேண்டிய டெஸ்ட், ஊருக்குக் கரண்ட் அனுப்புற கிரிட்டுக்குக் கரண்ட் வேணும்னு தள்ளிப் போயி தயாரே இல்லாத நைட் ஷிப்ட் தலைல விழுந்துச்சு. தூக்கத்தைத் திட்டிப் பிரயோஜனமில்ல, ஷிப்ட் பட்டியல் போடுறவங்களும் இதுக்குப் பொறுப்பு.

கேள்வி: என் பையன் ஒரு அணுமின் நிலையத்துல ட்ரெயினியா சேரப் போறான். பயமா இருக்கு. என்ன சொல்லி அனுப்பட்டும்?

பதில்: அம்மா, உங்க பயம் எனக்குப் புரியுது. த்ரீ மைல் ஐலண்டுக்கு 18 மாசம் முன்னாடி, 1977 செப்டம்பர்ல, அமெரிக்காவுலயே டேவிஸ்-பெஸ்ஸிங்கிற நிலையத்துல இதே மாதிரி வால்வு திறந்தே மாட்டிக்கிச்சு, அங்க இருபது நிமிஷத்துல கண்டுபிடிச்சிட்டாங்க, ஆனா அந்தப் பாடம் த்ரீ மைல் ஐலண்ட் ஆபரேட்டர்கள் கைக்குப் போய்ச் சேரல. செர்னோபில் ரியாக்டர் வகைல பவரைக் குறைக்கிறதுக்காக இறக்குற கன்ட்ரோல் ராட் உள்ள இறங்குற ஆரம்பத்துல பவர் குறையாம ஏறலாம்ங்கிறது 1983லயே அதே வகை ரியாக்டர் இருந்த இக்னாலினா நிலையத்துல தெரிஞ்சுது, 1986ல செர்னோபில்ல ஓட்டுனவங்களுக்கு அதைச் சொல்லவே இல்ல. 1986ல பெரும்பாலும் ஆபரேட்டர்கள் மேல பழி போட்ட சர்வதேச நிபுணர் குழுவே 1992 அறிக்கைல டிசைன் கோளாறையும் ரகசியத்தையும் ஒத்துக்கிச்சு. இதையெல்லாம் நினைச்சா எனக்கு இன்னமும் மனசு ஆறல.

அதனால ஏதாவது சின்னதா விநோதமா பட்டாலும் எழுதி வைக்கச் சொல்லுங்க, புரியலைன்னா புரிஞ்ச மாதிரி தலையாட்ட வேண்டாம்னு சொல்லுங்க. சிமுலேட்டர்ல, அதாவது பழகுறதுக்குன்னு வச்சிருக்கிற போலி கன்ட்ரோல் ரூம்ல, தப்பு பண்ணக் கூச்சப்பட வேண்டாம், அது அதுக்குத்தான் இருக்கு. ஷிப்ட் மாத்துறப்போ முந்தின ஷிப்ட்காரர் கூடவே பேனலைச் சுத்தி ஒரு நடை நடந்து, எத்தனை டேக் தொங்குது, எதுக்குத் தொங்குது, ஏதாவது லைட்டை மறைக்குதான்னு பார்த்துட்டு அப்புறமா கையெழுத்துப் போடச் சொல்லுங்க.