பார்ட்னர் போயிட்டார், ஏஐ கை குடுக்குமா?

கேள்வி: சார், நானும் என் ஃப்ரெண்டும் சேர்ந்து போர்வெல் மோட்டாருக்கு ஒரு கன்ட்ரோலர் பண்ணிட்டு இருந்தோம். வயரிங், ஃபீல்டு வேலை என்னுது, கோடிங் முழுக்க அவன். போன வருஷம் திடீர்னு தவறிட்டான். அவன் எழுதின கோடைத் திறந்தா தலையும் புரியல வாலும் புரியல. ஏஐ கத்துக்கிட்டா தனியா தொடர முடியுமா, இல்ல விட்டுடட்டுமா?
- வாசகர், கோவை

பதில்: மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருக்குங்க. ஆனா விட்டுடாதீங்க. நீங்க தடுமாறுறது உங்க குறையே இல்ல, அமெரிக்காவுல பியர் அஸூலேங்கிற பொருளாதார ஆய்வாளரோட குழு 2010ல வெளியிட்ட ஆய்வுல, எதிர்பாராம இறந்துபோன 112 பெரிய விஞ்ஞானிங்களோட கூட எழுதினவங்களைப் பாத்தாங்க, தரத்தையும் சேத்துக் கணக்கு போட்டா அவங்க கட்டுரைகள் 5லேர்ந்து 8 சதவீதம் குறைஞ்சிருச்சு, அப்புறம் பழைய நிலைக்கு ஏறவே இல்ல.

உங்களுக்கு இப்ப உடனே வேணுங்கிறது கோடைப் படிக்கிற திறமை, அதை ஏஐ நிஜமாவே குடுக்கும். மொத்தத்தையும் ஒரே நேரத்துல கொட்டாம ஒவ்வொரு ஃபங்ஷனா (கோடுல ஒரு வேலையைச் செய்ற தனித் துண்டு) குடுங்க, என்ன சிப், எத்தனை ஹெச்பி மோட்டார், என்ன சென்சார்னு சொல்லிட்டு, வரிவரியா தமிழ்ல விளக்கச் சொல்லுங்க. உதாரணத்துக்கு டிரை ரன் பகுதி. தண்ணி இல்லாம மோட்டார் ஓடினா கரன்ட் இறங்கும், அதை வெச்சுதான் கட் பண்றோம், அங்க 18 செகண்ட் காத்திருன்னு ஒரு வரி இருக்குன்னு வெச்சுக்கோங்க. அந்த வரி என்ன பண்ணுதுன்னு ஏஐ சொல்லிடும், ஏன் 10 இல்லாம 18னு கேட்டா ஊகம்தான் வரும், அதுவும் ரொம்ப உறுதியா சொல்ற மாதிரியே வரும். அந்தக் காரணம் ஏதோ ஒரு தோட்டத்துல நீங்க ரெண்டு பேரும் பாத்ததா இருக்கும். அதனால அவர் வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு லேப்டாப், நோட்டு, உங்க பழைய வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் எல்லாத்தையும் மறுபடி பாருங்க, கெடச்சதைக் கோடுக்குப் பக்கத்துலயே எழுதி வைங்க. ஏஐ மாத்திக் குடுத்த கோடை நேரா விவசாயி மோட்டார்ல போடவே கூடாது, ஷெட்ல சின்ன மோட்டார், ஒரு தொட்டி வெச்சு ஓட்டிப் பாத்துட்டுதான்.

அப்புறம், "டேய் இது வேலைக்காகாது"ன்னு சொல்ல ஒரு ஆள் வேணும். ஏஐ பெரும்பாலும் நீங்க சொல்றதுக்குத் தலையாட்டும். பக்கத்துல இருக்கிற பம்ப் மெக்கானிக்கோ, எலக்ட்ரானிக்ஸ் தெரிஞ்ச காலேஜ் பையனோ பொண்ணோ, வாரத்துல ஒரு நாளாவது உக்காந்து சண்டை போடற மாதிரி யாரையாவது சேத்துக்கோங்க, அவங்களுக்கும் நண்பர் குடும்பத்துக்கும் என்ன பங்குன்னு முதல்லயே பேசி எழுத்துல போட்டுடுங்க.